நடுக் கட்டம்

வேதியியல் ரெக்கார்டு நோட்டின் பக்கத்தை மூன்று கட்டமாகக் கோடு போட்டுப் பிரித்திருப்போம். முதல் கட்டம் சோதனை, இரண்டாவது காண்பது, மூன்றாவது அறிவது. பிளஸ் ஒன்னிலும் பிளஸ் டூவிலும் எங்கள் டீச்சர் காவல் காத்தது அந்த நடுக் கட்டத்தைத்தான். கண்ணும் மூக்கும் கண்டதைத் தவிர வேறெதுவும் அதில் நுழையக்கூடாது. யாராவது அங்கே "பேரியம் சல்ஃபேட் வீழ்படிந்தது" என்று எழுதிவிட்டால் நோட்டைத் திருப்பி வைப்பார்.

"பேரியத்த நீ பாத்தியா தாயி? வெள்ளையா ஒண்ணு கீழ எறங்குனதப் பாத்த. அத எழுது. பேரியமா இல்லையாங்கிறத அடுத்த கட்டத்துல வச்சு யோசிப்போம்."

கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளி, தமிழ் வழி. தொண்ணூறுகளின் தொடக்கம், அப்போது எங்கள் மாவட்டத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர். ஊரைச் சுற்றித் தீப்பெட்டி ஆபீஸ்கள். தொழிற்சாலை என்று எங்கள் பக்கம் யாரும் சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான். அம்மா அப்படி ஓர் ஆபீஸில் குச்சி அடுக்கப் போனாள். சாயங்காலம் வீட்டில் நானும் தங்கையும் பெட்டி ஒட்டுவோம், குரோஸ் கணக்கில் கூலி. என்னோடு பத்தாவது படித்தவர்களில் பல பேர் அதற்கு மேல் படிக்கவில்லை. அந்த ஆபீஸ்களுக்கே போய்விட்டார்கள். அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. அவர்களில் என்னைவிடக் கூர்மையான கண் உள்ளவர்கள் இருந்தார்கள்.

பத்தாவது வரை வேதியியல் என்றால் மனப்பாடம். அணு எண், இணைதிறன், சமன்பாடு எல்லாமே வாயில் இருக்கும், கையில் ஒன்றும் இருக்காது. பிளஸ் ஒன்னில் மோல் பாடம் வந்தபோது டீச்சர் கரும்பலகைக்கு முன்னால் மேஜையைப் போட்டு மூன்று கண்ணாடித் தட்டு வைத்தார். ஒன்றில் 18 கிராம் தண்ணீர், ஒன்றில் 58.5 கிராம் சாப்பாட்டு உப்பு, ஒன்றில் 32 கிராம் கந்தகத் தூள். தண்ணீர் ஒரு வாய்க்குத்தான் வரும். உப்பு ஒரு கை நிறைய. கந்தகம் அதைவிடக் கொஞ்சம். தண்ணீரில் எத்தனை மூலக்கூறோ கந்தகத்தில் அத்தனை அணு, உப்பில் அத்தனை சோடிய குளோரைடு இணை என்றார். 6.022 × 10²³ என்ற எண்ணைக் கடைசியில்தான் எழுதினார். அவகாட்ரோவே அந்த எண்ணைப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். 1811இல் அவர் சொன்னது, ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்பது மட்டுமே. எத்தனை என்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

கந்தகத்தைத் தட்டில் பார்த்ததும் வகுப்பில் சலசலப்பு. எங்களுக்கு அது பாடப் பொருள் இல்லை. தாவணி முந்தானையில் ஒட்டிக்கொண்டு வரும் தூள். தீக்குச்சித் தலையின் மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இருக்கின்றன, பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பதில் சிவப்பு பாஸ்பரஸ் இருக்கிறது என்று டீச்சர் விளக்கினார். குளோரேட் உடைந்து ஆக்சிஜனைக் கொடுக்கும், கந்தகம் அதை வாங்கி எரியும். இரண்டு மோல் குளோரேட்டுக்கு மூன்று மோல் கந்தகம். கணக்குப் போட்டால் 245 கிராமுக்கு 96 கிராம். சமன்பாட்டின் முன்னால் நிற்கும் சின்ன எண்கள் தராசில் ஏற்றக்கூடிய எடை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "மருந்த வஜ்ஜிரத்தோட ஈரமாத்தான் கலக்குவாக. காஞ்ச மருந்துகிட்ட யாரும் போகக்கூடாது" என்றாள் அம்மா. காரணம் அவளுக்குத் தெரியாது. குளோரேட்டும் கந்தகமும் உலர்ந்த நிலையில் உராய்ந்தாலே வெடிக்கும் என்று டீச்சர் மறுநாள் சொன்னார். அம்மாவுக்குத் தெரிந்திருந்ததும் டீச்சருக்குத் தெரிந்திருந்ததும் ஒரே விஷயம். இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து புத்தகத்தின் மேல் எனக்கு வேறு மாதிரி மரியாதை வந்தது, அம்மாவின் மேலும்தான்.

ஆய்வகம் பள்ளியின் பின்பக்கம், ஓட்டுக் கட்டடம். நீளமான மேஜைகள், மர அடுக்குகளில் வினைப்பொருள் பாட்டில்கள், ஆளுக்கொரு சாராய விளக்கு. வெள்ளி நைட்ரேட் மட்டும் பழுப்பு பாட்டிலில் டீச்சரின் பீரோவுக்குள் இருக்கும். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும், விலையும் அதிகம். மூலையில் கிப் கருவி. மூன்று கண்ணாடிக் குமிழ்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும். நடுக் குமிழில் இரும்பு சல்ஃபைடு கட்டிகள். குழாயைத் திறந்தால் அமிலம் ஏறி வந்து கட்டியைத் தொடும், ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியே வரும். மூடினால் உள்ளே சேரும் வாயுவே அமிலத்தைக் கீழே தள்ளிவிடும், வினை தானாக நின்றுபோகும். அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாலும், அந்தக் கருவியின் அறிவை நான் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். டச்சு மருந்தாளுநர் கிப் 1844இல் செய்தது. அந்த வாயு விஷம் என்பதால் ஜன்னலை அகலத் திறந்து வைத்த பிறகுதான் டீச்சர் குழாயைத் தொட விடுவார்.

உப்புப் பகுப்பாய்வுதான் பாடத்தின் உயிர். ஒரு காகிதப் பொட்டலத்தில் கொஞ்சம் தூள் தருவார்கள். அதில் எந்த எதிர் அயனி, எந்த நேர் அயனி என்று சொல்ல வேண்டும். முதல் உப்பிலேயே எனக்கு ஒரு நல்ல காரியம் நடந்தது. நீர்த்த அமிலம் விட்டுச் சூடாக்கியதும் ஒரு நெடி எழுந்தது. சுண்ணாம்பு நீர் பால் போலானது. ஆனால் கார்பன் டை ஆக்சைடும் அப்படித்தான் செய்யும், நெடி மட்டும் அதற்கு இருக்காது. எனக்கு அந்த நெடிக்குப் புத்தகப் பெயர் உடனே வரவில்லை. நடுக் கட்டத்தில் "தீக்குச்சி உரசும்போது வரும் நெடி" என்று எழுதினேன். டீச்சர் அதை வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். "இதுக்கு மேல சரியா யாரும் எழுத முடியாது. எரியுற கந்தகம் சல்ஃபர் டை ஆக்சைடு. அதே வாயுதான் இந்தக் குழாய்லயும் வருது" என்றார். பொட்டாசியம் டைகுரோமேட்டில் நனைத்த தாளைக் காட்டச் சொன்னார், ஆரஞ்சு பச்சையானது. உப்பு, சல்ஃபைட்.

உப்பைப் பார்த்ததுமே விடை சொல்லும் பழக்கம் எல்லா மாணவர்களுக்கும் உண்டு. நீலமாக இருந்தால் செம்பு, பச்சையாக இருந்தால் நிக்கல் அல்லது இரும்பு, வெளிர் ரோஜா நிறம் என்றால் மாங்கனீஸ். முந்தைய வருடங்களில் தேர்வுக்கு வந்த உப்புகளின் பட்டியலும் கை மாறிக்கொண்டிருக்கும். டீச்சர் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். ஒரு நாள் வெள்ளைத் தூள் ஒன்றைக் கொடுத்து, பார்த்தவுடன் என்ன தோன்றுகிறது என்று கேட்டார். துத்தநாகம், பேரியம், மக்னீசியம் என்று ஆளுக்கொன்று சொன்னோம். செம்பு என்று ஒருத்தியும் சொல்லவில்லை. "தண்ணி ஊத்துங்க" என்றார். குழாயில் நீலம் பரவியது. மயில்துத்தத்தைச் சூடாக்கி அதன் நீரை ஓட்டிவிட்டால் வெள்ளையாகிவிடும். நீர் பட்டதும் பழைய நிறம் திரும்பும். நீலம் செம்பில் மட்டும் இல்லை, செம்பைச் சுற்றி நிற்கும் நீர் மூலக்கூறுகளோடு சேர்ந்துதான் அது நீலம்.

நேர் அயனிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துப் போவதில் இருக்கும் அழகை நான் எவ்வளவு சொன்னாலும் தீராது. முதலில் அம்மோனியம். பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் ஈயம் இறங்கும். அந்த அமிலக் கரைசலிலேயே ஹைட்ரஜன் சல்ஃபைடைச் செலுத்தினால் செம்பு கறுப்பாகவும் காட்மியம் மஞ்சளாகவும் இறங்கும். துத்தநாகமும் மாங்கனீசும் அசையாது. பிற்பாடு அம்மோனியா விட்டுக் காரமாக்கி அதே வாயுவைச் செலுத்தினால், இவ்வளவு நேரம் கரைசலில் ஒளிந்திருந்த துத்தநாகம் வெண்மையாக வெளியே வரும். வாயு ஒன்றேதான். அமிலம் இருக்கும்போது சல்ஃபைடு அயனிகள் மிகக் குறைவு. எளிதில் கரையாத சல்ஃபைடுகள் மட்டும் இறங்கும். அமிலத்தை எடுத்துவிட்டால் சல்ஃபைடு பெருகும், மற்றவையும் இறங்கும். வரிசையை மாற்றினால் எல்லாம் குழம்பிவிடும். ஒரு தொகுதியை முழுக்க வெளியேற்றாமல் அடுத்ததற்குப் போனால், அடுத்ததில் வருவது யார் என்று சொல்ல முடியாது.

அதனால் ரெக்கார்டு நோட்டில் பாதிக்கு மேல் "இல்லை" என்ற வார்த்தைதான் நிரம்பியிருக்கும். வீழ்படிவு இல்லை, ஈயம் இல்லை. பழுப்பு வளையம் இல்லை, நைட்ரேட் இல்லை. ஆரம்பத்தில் இந்த வரிகளை நேரம் போக்கும் சடங்காக நினைத்துச் சில பேர் சோதனை செய்யாமலே எழுதுவதுண்டு. டீச்சர் வேறு எதையும் மன்னிப்பார், இதை மன்னிக்க மாட்டார். "இருக்குன்னு சொல்றதுக்கு ஒரு குழாய் வேணும்னா இல்லைன்னு சொல்றதுக்கும் ஒரு குழாய் வேணும். உன் குழாய் எங்க?" என்று அடுக்கைப் பார்ப்பார். பழுப்பு வளையத்துக்குப் புதிதாகக் கரைத்த ஃபெரஸ் சல்ஃபேட் வேண்டும். பழையது காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தால் நைட்ரேட் இருந்தும் வளையம் வராது. குழாயைச் சாய்த்துப் பிடித்து அடர் கந்தக அமிலத்தைச் சுவரோரமாக மெதுவாக இறக்க வேண்டும். அவசரப்பட்டுக் குலுக்கினால் வளையம் கலைந்துபோகும். வளையம் தெரியவில்லை என்பதை நம்புவதற்கு முன்னால், இருந்திருந்தால் தெரிந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் வகுப்பு முழுவதற்கும் குளோரைடு வந்தது. ஆளுக்கொரு உப்பு கொடுத்திருந்தார். கார்பனேட், சல்ஃபேட், நைட்ரேட் என்று பலவிதம். நைட்ரிக் அமிலம் சேர்த்து வெள்ளி நைட்ரேட் விட்டதும் எல்லா மேஜையிலும் குழாய் வெளுத்தது. அன்றைக்கு வாலைவடிநீர் தீர்ந்துபோய், கேனில் போர் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். டீச்சர் யாரையும் திட்டவில்லை. உப்பே போடாமல் வெறும் தண்ணீரில் அதே சோதனையைச் செய்யச் சொன்னார். குழாய் வெளுத்தது. இன்னொன்றில் பேரியம் குளோரைடு விடச் சொன்னார். அதுவும் கலங்கியது, சல்ஃபேட். பிறகு பீரோவிலிருந்து ஒரு சின்ன பாட்டில் வாலைவடிநீரை எடுத்து வந்து இரண்டையும் செய்து காட்டினார். இரண்டு குழாயும் தெளிவாக நின்றன.

எங்கள் கரிசல் ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காமல் திரி திரியாக ஒதுங்கும். நல்ல தண்ணிக்கு நாங்கள் எவ்வளவு தூரம் நடந்தோம் என்பது எங்கள் இடுப்புக்குத் தெரியும். உப்புத் தண்ணி என்று பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததன் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அந்தக் கலங்கிய இரண்டு குழாயில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். டீச்சர் அதோடு விடவில்லை. அன்றைய நடுக் கட்டத்தில் எழுதியது எதையும் அடிக்க வேண்டாம் என்றார். வெள்ளையாகக் கலங்கியது உண்மை. பார்த்தது பொய்யாகாது. மாற்ற வேண்டியது மூன்றாவது கட்டத்தை மட்டும்.

சுடர்ச் சோதனை நாள் என்றால் ஆய்வகத்தில் ஜன்னலை அடைப்போம். பிளாட்டினக் கம்பி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதையும் டீச்சரே கொண்டுவந்து டீச்சரே எடுத்துப் போவார். உப்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குழைத்துக் கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டினால் கால்சியம் செங்கல் சிவப்பு, ஸ்ட்ரான்சியம் கருஞ்சிவப்பு, பேரியம் ஆப்பிள் பச்சை. பக்கத்து ஊர் சிவகாசி. தீபாவளிக்கு நாங்கள் பிடித்த சிவப்பு மத்தாப்பும் பச்சை மத்தாப்பும் இந்த ஸ்ட்ரான்சியமும் பேரியமும்தான் என்றார் டீச்சர். 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபோது, பச்சைக்கு இனி என்ன செய்வார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

இந்தச் சோதனையில் பெரிய தொல்லை சோடியம். கம்பியை விரலால் தொட்டுவிட்டால் போதும், வேர்வையில் இருக்கும் சோடியம் எல்லா நிறத்தையும் மஞ்சளால் மறைத்துவிடும். கம்பியை அமிலத்தில் முக்கி முக்கிச் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வகுப்பு முழுக்க மஞ்சளாகவே வந்து நாங்கள் சலித்துப்போன அன்று டீச்சர் ஒரு கிரகணத்தைப் பற்றிச் சொன்னார். 1868 ஆகஸ்ட் 18, முழு சூரிய கிரகணம். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்குப் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் வந்திருந்தார். சூரியனின் விளிம்பில் எழுந்த சுவாலைகளின் ஒளியை நிறமாலைமானியால் பிரித்துப் பார்த்தார். அந்தக் கிரகணத்தைப் பார்த்தவர்கள் அந்த ஒளியில் ஒரு மஞ்சள் கோட்டையும் கண்டார்கள். மஞ்சள் என்றதும் சோடியம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தக் கோடு சோடியத்தின் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இல்லை, கொஞ்சம் தள்ளி இருந்தது. இங்கிலாந்தில் லாக்கியர் அந்தக் கொஞ்சத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். பூமியில் தெரியாத ஒரு தனிமம் என்றார். அதுதான் ஹீலியம். 1895இல் ராம்சே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து வந்த வாயுவில் அதே கோட்டைப் பார்த்தார். "நடுக் கட்டம் குண்டூர்ல நிரம்பியாச்சு. மூணாவது கட்டம் நிரம்ப இருபத்தேழு வருசம்" என்றார் டீச்சர். நான் அறிவியலைத் தொழிலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தது அந்த வகுப்பில்தான்.

தரம் பார்த்தல் எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை. அதில் ஊதா நிறப் பெர்மாங்கனேட்டை ஆக்சாலிக் அமிலத்தில் சொட்டுச் சொட்டாக விடுவது மட்டும் விதிவிலக்கு. 20 மி.லி அமிலத்தைப் பிப்பெட்டில் எடுத்து, அப்போதெல்லாம் வாயால் உறிஞ்சித்தான் எடுப்போம், கந்தக அமிலம் சேர்த்து 60, 70 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். பியூரெட்டில் அடர்ந்த ஊதா என்பதால் மேல் வளைவைப் பார்த்து அளவெடுக்க வேண்டும். முதல் சொட்டு விழுந்ததும் ரோஜா நிறம் அப்படியே நிற்கும். முடிந்துவிட்டது என்று நினைத்து அளவை எழுதிவிடுவார்கள். குடுவையைச் சுழற்றிக்கொண்டே காத்திருந்தால் அந்த நிறம் மெல்ல மறையும். அடுத்த சொட்டு அதைவிட வேகமாக. பிறகு விழ விழ மறையும். வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே அந்த வினைக்கு ஊக்கியாகிவிடுகிறது. முதல் சொட்டுக்கு ஊக்கி கிடையாது, அதனால் தயங்குகிறது. டீச்சர் ஒரு குடுவையில் முன்கூட்டியே ஒரு சிட்டிகை மாங்கனீஸ் சல்ஃபேட் போட்டுக் காட்டினார்; முதல் சொட்டே உடனே மறைந்தது. காரணத்தை இப்படிக் கண்ணுக்கு முன்னால் நிறுத்திக் காட்டத் தெரிந்த ஆசிரியர் கிடைத்தது எங்கள் பாக்கியம்.

செய்முறைத் தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார், உப்பு தந்தார், நான் ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் என்று எழுதினேன், சரி என்றார்.

அதைவிடச் சொல்ல வேண்டியது ஒன்று. எங்கள் காலத்தில் பிளஸ் ஒன்னுக்கு அரசுப் பொதுத் தேர்வு கிடையாது. 2017-18இல்தான் வந்தது. தேர்வு இல்லாத வருடம் என்பதால் எத்தனையோ பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டி நேராகப் பிளஸ் டூவுக்குப் போயின. ஆய்வகக் கதவு தேர்வுக்குச் சில வாரம் இருக்கும்போதுதான் திறந்தது. மதிப்பெண் வந்தது. ஆனால் ஒரு பெண் குழாயைப் பிடித்துக்கொண்டு தன் கண்ணை நம்பப் பழகும் வருடம் போய்விட்டது. இதை நான் சின்ன இழப்பாக நினைக்கவில்லை. நான் பிறகு பல வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். காலையில் நோயாளியின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன்னால் வெறும் வினைப்பொருளை ஓட்டிப் பார்ப்போம், அளவு தெரிந்த மாதிரியை ஓட்டிப் பார்ப்போம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அது ஏன் என்று விளக்க நேரும்போதெல்லாம் அந்தப் போர் தண்ணீர்க் கதையைத்தான் சொல்வேன்.

அண்ணன் மகள் இப்போது கோவில்பட்டியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். போன வாரம் கூப்பிட்டாள்.

"அத்தை, எனக்கு மட்டும் ரெண்டு எதிர் அயனி வருது. சல்ஃபேட்டும் வருது, குளோரைடும் வருது. உப்புல ஒண்ணுதான் இருக்கும்னு மிஸ் சொல்றாங்க. எத எழுத?"

"குளோரைடு எப்படி வந்துச்சு, தயிர் மாதிரி கட்டியாவா, லேசாக் கலங்கலாவா?"

"லேசாத்தான்."

"அதையே நடுக் கட்டத்துல எழுது. லேசாக் கலங்குச்சுன்னு. தண்ணி எங்க எடுத்தீங்க?"

வாலைவடிநீர் பேட்டரிக் கடையில் வாங்கி வைத்திருக்கிறார்களாம். ஆனால் குழாய்களைக் கழுவுவது பைப் தண்ணீரில். கழுவிய பிறகு வாலைவடிநீரால் ஒரு தடவை அலசச் சொன்னேன். நாளைக்கு உப்பைத் தொடுவதற்கு முன்னால், மிஸ்ஸிடம் கேட்டுக்கொண்டு, வெறும் வாலைவடிநீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்க்கவும் சொன்னேன்.